போட்டோவுக்குக் கட்டின செவரு

பை காலை இடிக்குதா தம்பி? இடிக்கும், உள்ள இரும்பு இருக்கு. இருங்க, இந்தப் பக்கமாத் தள்ளி வச்சுக்கறேன். பயப்படாதீங்க, அருவா இல்ல. என்னன்னு எறங்கறதுக்குள்ள சொல்லிடறேன். நான் செம்பட்டி. நீங்க வத்தலக்குண்டா? அப்ப நல்லதாப் போச்சு, நான் எறங்குனப்பறம் காலை நீட்டிக்கிட்டுப் போகலாம்.

என்ன சோலியாப் போறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? காதுல அந்த வெள்ளைக் குச்சிய மாட்டிக்கிட்டா பக்கத்துல மனுசன் மயங்கி விழுந்தாலும் தெரியாது. கழட்டிட்டீங்களா, சந்தோசம். நானே சொல்றேன். ஒரு பயிற்சி மையத்துக்குப் போறேன். பார்வையிட. ஆமா, இப்போதைக்குப் பார்வையிடன்னே வச்சுக்கங்க.

என் பேரு சன்னாசி. கட்டடத் தொழிலாளர் சங்கச் செயலாளர். கலெக்டர் ஆபீஸ்ல யாரைக் கேட்டாலும் தெரியும். வாட்ச்மேனுக்கு ரொம்ப நல்லாத் தெரியும், தெனமும் என்னை உள்ள விடாம நிப்பாட்டுறது அவர்தானே. ஆதியில நானும் கொத்தனாருதான். கரண்டியக் கீழ வச்சுட்டு மைக்கைப் புடிச்சேன். மைக்கு லேசா இருந்துச்சு, அப்படியே இருந்துட்டேன்.

ஒரு பொம்பள என்னை ஏமாத்திட்டா தம்பி. சீச்சீ, நீங்க நெனைக்கற மாதிரி இல்ல. டெண்டர்ல.

அரசாங்கம் ஒரு திட்டம் போட்டுச்சு. கட்டட வேலை பாக்குறவங்களுக்குத் தொழில் பயிற்சி குடுக்கணும், அதை நடத்தறதுக்குத் தொழிலாளர் அமைப்புங்க விண்ணப்பிக்கலாம்னு. நாங்க அமைப்புதானே? கொடி இருக்கு, சீல் இருக்கு, செயலாளர் இருக்கேன். ஆனா விண்ணப்பம் எழுதத் தெரியணும்ல. மதுரையில அதுக்குன்னே ஒரு ஆளு இருக்காரு, கிளமெண்ட்னு. அந்த மனுசன் முன்னாடி கம்ப்யூட்டரை வச்சா, பெட்டிக்கடையக்கூடப் பன்னாட்டுக் கம்பெனியா ஆக்கிடுவாரு.

ஒங்க சங்கத்துல என்னென்ன செய்வீங்கன்னு கேட்டாரு. சாயங்காலம் டீக்கடையில ஒக்காந்து பேசுவோம்னேன். ‘தொழிலாளர் ஆலோசனைக் கூட்டங்கள், தினசரி’ன்னு எழுதிக்கிட்டாரு. மே தினத்துக்குக் கொடி புடிச்சுட்டுப் போவோம்னேன். ‘விழிப்புணர்வுப் பேரணி.’ ஒரு தடவை கூலியக் குடுக்காம இழுத்தடிச்ச மேஸ்திரியச் சட்டையப் புடிச்சு நடுரோட்டுல நிப்பாட்டுனோம்னேன். ‘தொழில் தகராறுகளில் சமரசம்’னு போட்டுட்டாரு. மொத்தத்தையும் படிச்சுக் காட்டுனப்ப எனக்கே புல்லரிச்சுப் போச்சு. இம்புட்டு செஞ்சிருக்கமா நாம, தெரியாமப் போச்சேன்னு.

“அண்ணே, இதெல்லாம் எல்லாரும் எழுதறதுதான்”னாரு கிளமெண்ட். “டெண்டர் கெடைக்கணும்னா ஒண்ணு சேக்கணும். பெண் கொத்தனார். சித்தாள் வேலை பாக்குற பொம்பளைங்களுக்குக் கொத்தனார் பயிற்சி. இதைப் போட்டா மார்க்கு அள்ளும்.”

நான் வாய்விட்டுச் சிரிச்சுட்டேன். சித்தாளுன்னா தெரியும்ல தம்பி? கலவை கலக்கறது, செங்கல் சொமக்கறது, சட்டியத் தூக்கிச் சாரத்துல நிக்கிற கொத்தனாருக்குக் குடுக்கறது, சாயங்காலம் அவரு கரண்டியக் கழுவி வைக்கறது. கரண்டிக்கும் அவளுக்கும் உள்ள ஒறவு அந்தக் கழுவறதோட சரி. “போடுங்க சார், மார்க்குக்குத்தானே”ன்னேன்.

கெடைச்சிருச்சு. பட்டாசு வெடிச்சோம். ஃப்ளெக்ஸ் வச்சோம். ஃப்ளெக்ஸ்ல என் போட்டோ கொஞ்சம் பெருசாப் போச்சு, அது அச்சடிச்சவன் தப்பு.

மறுநாளே சங்கத்து ஆளுங்க வாசல்ல வந்து நின்னுட்டாங்க. “ஏன் செயலாளரே, அவளுகளும் கரண்டியப் புடிச்சுட்டா எங்களுக்குக் கலவை யாரு தூக்குவா? ஒங்க வீட்ல வந்து தூக்குவாங்களா?” எங்க வீட்லயும் ஒரு காலத்துல எனக்குச் சட்டி தூக்குனவதான். அதை விடுங்க. நான் கையெடுத்து அமத்துனேன். “அட கூறுகெட்டவங்களா, எல்லாம் பேப்பர்லதான். காலையில கைரேகை, சாயங்காலம் கைரேகை, நடுவுல ஒரு போட்டோ. ஒருத்தியும் ஒண்ணும் கத்துக்க மாட்டா. அதுக்கு நான் பொறுப்பு.” சங்கமே கைதட்டுச்சு. சொன்ன சொல்லக் காப்பாத்துறவன் தம்பி நான். அதுக்கு என்னென்ன செய்யணுமோ அத்தனையும் செஞ்சேன்.

ஊருக்கு வெளிய மூடிக் கெடந்த நூல் மில்லு கொடவுனை வாடகைக்குப் புடிச்சேன். கைரேகை மெசின் வச்சேன். சேர் போட்டேன். என் மச்சினன் நல்ல கொத்தனாரு, அவனைக் கூட்டிட்டுப் போயி நெஞ்சு ஒசரத்துக்கு ஒரு செவரு கட்டச் சொன்னேன். அதுக்கு முன்னாடி பொம்பளைங்க கரண்டியோட நின்னா போட்டோ. அதைத் தெனமும் கவர்மெண்டு வெப்சைட்ல ஏத்தணும். அவ்வளவுதான் பயிற்சி.

“மச்சான், சிமெண்டு வாங்கவா?”ன்னான். “எதுக்குடா? யாரு குடியிருக்கப் போறா? செம்மண்ணக் கொழைச்சு வச்சுக் கட்டு. எல்லாம் முடிஞ்சப்பறம் செங்கல்லப் பிரிச்சு நம்ம வீட்டுக் கக்கூசுக்கு வச்சுக்கலாம்”னேன். அந்த ஒரு வார்த்தை தம்பி. அந்த ஒரு வார்த்தையில என் குடி முழுகிப்போச்சு. ஒரு மூட்டை சிமெண்டு வாங்கிக் குடுத்திருந்தா இன்னிக்கு இந்த பஸ்ல நான் எதுக்கு வரப்போறேன்?

வந்த பொம்பளைங்கள்ல வெள்ளத்தாயின்னு ஒருத்தி. பாவாடை கட்டுன வயசுலயே சட்டி தூக்க வந்தவ. புருசன் இருக்கான், இருக்கான்னு பேரு. பேச்சு கம்மி. கணக்கா வேலை பாப்பா. அதனால போனை அவ கையில குடுத்து, போட்டோ எடுத்து ஏத்துற வேலைய ஒப்படைச்சேன்.

மொத நாளே கேட்டா. “அண்ணே, எப்ப ஆரம்பிப்பீங்க?”

“எதை தாயி?”

“பாடத்தை.”

“ஆரம்பிச்சாச்சே! ஒக்காந்திருக்கீங்கள்ல, அதான் பாடம். வருசம் பூராச் சொமக்கறீங்க, கொஞ்ச நாளு ஒக்காருங்க. டீ வரும், பன்னு வரும்.”

யாரு தம்பி தருவா இந்த மாதிரி? சொந்தத் தகப்பன் தருவானா? அவ என்ன சொன்னா தெரியுமா? “ஒக்காந்தா இடுப்பு வலிக்குதுண்ணே”ன்னா. சட்டி தூக்குனப்ப வலிக்காத இடுப்பு, பிளாஸ்டிக் சேர்ல ஒக்காந்தா வலிக்குதாம். சரி, பழக்கமில்லாத சொகம், போகப் போகச் சரியாயிரும்னு விட்டுட்டேன்.

அதுக்கப்பறம் நான் அந்தப் பக்கம் போகல. எங்க போக? இந்த ஆபீஸு, அந்த ஆபீஸு, இவருக்குச் சால்வை, அவருக்கு வணக்கம். பயிற்சிய நடத்துறது லேசுன்னு நெனைக்காதீங்க. பயிற்சி நடக்கற எடத்துக்குப் போக நேரமே இருக்காது.

ஒரு நாள் கிளமெண்ட் போன் பண்ணாரு. “அண்ணே, ஒங்க போட்டோவுல செவரு கோணலா இருக்கே?”

மச்சினன் கட்டுன செவருல கோணலா? அவனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அதுல கோவிச்சுக்கிட்டுப் போனவன்தான், பொங்கலுக்குக்கூட வீட்டுக்கு வரல. சரி, போன் கேமராதான் கோணல்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் கிளமெண்ட். “இப்பப் பரவால்லண்ணே, நேராயிருச்சு.” அப்பறம் ஒரு நாள், “அண்ணே, செவத்துல ஜன்னல் வந்திருக்கு.” அடுத்து, “ஜன்னலுக்கு மேல வளைவு வச்சிருக்கீங்க போல, ஜோரா இருக்கு.”

நான் என்ன நெனச்சேன்? இப்பத்தான் கம்ப்யூட்டர்ல இல்லாததெல்லாம் வரைஞ்சு சேக்கறாங்களே, அந்த மாதிரி கிளமெண்டே ஏதோ பண்ணி விடறாருன்னு நெனச்சேன். நல்ல வேலைக்கார மனுசன்னு மனசுக்குள்ள பாராட்டவும் செஞ்சேன். பின்னால கேட்டா, அவரு என்னை அப்படி நெனச்சாராம்.

ஒரு காலையில போன் வருது. துறை அதிகாரி மேடம் சொல்லாமக் கொள்ளாம மையத்துக்கு வந்து நிக்கிறாங்கன்னு. வண்டிய எடுத்துக்கிட்டுப் பறந்தேன். போற வழி பூரா ஒரே தெம்பு. என்ன பாக்கப் போறாங்க? பொம்பளைங்க இருக்காங்க, சேர் இருக்கு, செவரு இருக்கு.

உள்ள போயிப் பாத்தா செவத்தைக் காணோம்.

இல்ல தம்பி, நெசமாவே இல்ல. செவரு நின்ன எடத்துல வெறுந்தரை. ஓரமா செங்கல்லு அடுக்கி வச்சிருக்கு, கழுவித் தொடைச்ச பாத்திரம் மாதிரி. மேடம் கண்ணாடிக்கு மேலாலயே என்னையப் பாத்து, “என்ன சார், செவரு எங்க?”ங்கறாங்க. “மராமத்துக்கு…”ன்னு இழுத்தேன். செவத்தை யாராவது மராமத்துக்குக் கழட்டிட்டுப் போவாங்களா? அந்த நேரத்துக்கு வாயில வந்துச்சு.

வெள்ளத்தாயி எந்திரிச்சா. “இப்பத்தான் மேடம் பிரிச்சோம். தெனமும் கட்டுவோம், பிரிப்போம். வேற செங்கல்லு இல்ல. செம்மண்ணுங்கறதால சேதாரமில்லாமப் பிரிஞ்சு வருது.”

“எங்க, கட்டுங்க பாப்போம்”னாங்க மேடம்.

கட்டுனாளுக. நூலு கட்டுனாளுக, நேரா வருதான்னு தூக்குக்குண்டு போட்டாளுக. ஒருத்தி மண்ணைக் கொழைக்கறா, ஒருத்தி செங்கல்ல நனைச்சுக் குடுக்கறா, வெள்ளத்தாயி கையில கரண்டி. ஒரு வரிசை முடிஞ்சதும் கரண்டி அடுத்தவ கைக்குப் போகுது, வெள்ளத்தாயி மண்ணைக் கொழைக்கப் போறா. யாரும் யாரையும் அதட்டல. நான் கொத்தனாரா இருந்த காலத்துல அதட்டாம ஒரு வரிசைகூட வச்சதில்ல. எப்படித்தான் நின்னுச்சோ அந்தச் செவரு.

மேடம் சொல்றாங்க, “எல்லா மையத்துலேர்ந்தும் வருசம் பூரா ஒரே செவத்து போட்டோதான் வருது. இங்கேருந்து மட்டும்தான் செவரு தெனமும் வேறயா இருந்துச்சு. மொதல்ல கோணலா, அப்பறம் நேரா. அதை நேர்ல பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன். யாரு சொல்லிக் குடுத்தது?”

வெள்ளத்தாயி என்னையப் பாத்தா. நான் மேடத்தைப் பாத்தேன்.

“நான்தான் மேடம்”னேன்.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? பொய்யா? நல்லா யோசிச்சுப் பாருங்க. நான் தெனமும் போயி ஒக்காந்திருந்தா அவளுக செங்கல்லத் தொட்டிருப்பாளுகளா? விட்டிருப்பனா? போகாம இருந்தது யாரு? நான். செம்மண்ணு வைக்கச் சொன்னது யாரு? நான். அப்பறம் என்ன? வெள்ளத்தாயியும் ஒண்ணும் மறுத்துப் பேசல. மேடம் எனக்குக் கைகுடுத்தாங்க. அந்தப் போட்டோவையும் ஃப்ளெக்ஸ் போட்டோம்.

சர்டிபிகேட்டெல்லாம் குடுத்து முடிஞ்சு கொஞ்ச நாள்ல வெள்ளத்தாயி சங்க ஆபீஸுக்கு வந்தா. “அண்ணே, சங்கத்துல எங்களைச் சித்தாளுன்னு பதிஞ்சிருக்கு. கொத்தனாருன்னு மாத்திக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நீங்க எழுதிக் குடுத்தாத்தான் எங்களைக் கொத்தனாருன்னு வேலைக்குக் கூப்புடுவாங்க. இல்லன்னா திரும்பச் சட்டிதான்.”

“சர்டிபிகேட்டு வாங்குனீல்ல தாயி, அதைக் கண்ணாடி போட்டு மாட்டிக்க.”

“மாட்டிக்கறதுக்கா கத்துக்கிட்டோம்? ஒரு கையெழுத்துதானண்ணே.”

ஒரு கையெழுத்துதானாம்! சங்கத்துக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன் தம்பி, ஒருத்தியும் கத்துக்க மாட்டான்னு. கத்துக்கிட்டது அவ தப்பு. அதுக்கு நான் கையெழுத்துப் போட்டா என் வாக்கு என்ன ஆகும்? முடியாதுன்னேன். “சரிங்கண்ணே”ன்னுட்டுப் போயிட்டா. அவ சரிங்கண்ணேன்னா பயப்படணும்னு எனக்கு அப்பத் தெரியல.

மறுநாள் என் மச்சினனுக்கே சட்டி தூக்கப் போயிருக்கா. அவன் ஒரு ஜன்னலுக்கு வளைவு வைக்கத் திணறிக்கிட்டிருந்தானாம். கீழ நின்னு பாத்துக்கிட்டே இருந்தாளாம், வாயத் தொறக்கலையாம். சாயங்காலம் அவன் கரண்டியக் கழுவாம அப்படியே போட்டுட்டுப் போயிட்டாளாம். காலையில கலவை காய்ஞ்சு கல்லாயிருந்துச்சுன்னு அவன் வந்து எங்கிட்டக் கத்தறான். அதுக்கப்பறம் அவ சட்டி தூக்க வரல. அவ மட்டுமில்ல, அந்தக் கூட்டமே வரல.

அடுத்த வருசம் மறுபடி டெண்டர். எனக்கென்ன கவலை? மேடம் கைகுடுத்த போட்டோ இருக்கு. கிளமெண்டையும் கூட்டிக்கிட்டு நேர்காணலுக்குப் போனா, வராந்தாவுல வெள்ளத்தாயி ஒக்காந்திருக்கா. “என்ன தாயி, மேடத்தைப் பாத்துட்டுப் போக வந்தியா?”

“இல்லண்ணே. டெண்டருக்கு.”

தனியா பெண்கள் சங்கம் ஒண்ணு பதிவு பண்ணிருக்காளுக. எனக்குத் தெரியாம, என் ஊர்ல!

ரெண்டு சங்கத்தையும் ஒண்ணாத்தான் உள்ள கூப்புட்டாங்க. மேடம் கேட்டது ஒரே கேள்வி. “போன வருசம் படிச்ச பொம்பளைங்கள்ல எத்தனை பேரு இப்பக் கொத்தனாரா வேலை பாக்குறாங்க?”

என் நெலைமைய யோசிச்சுப் பாருங்க. வெளிய கதவோரமா சங்கத்து ஆளுங்க காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. எல்லாரும்னு சொன்னா சங்கம் போயிரும். யாரும் இல்லன்னு சொன்னா டெண்டர் போயிரும். நெசமாவே எத்தனை பேருன்னும் எனக்குத் தெரியாது. “தீவிர முயற்சி நடந்துக்கிட்டிருக்கு மேடம்”னேன். கிளமெண்ட் தலைய ஆட்டுனாரு, நல்ல பதில்னு.

வெள்ளத்தாயி சொன்னா, “எல்லாரும் மேடம். எங்களை யாரும் வேலைக்குக் கூப்புடல. அதனால நாங்களே சேந்து வீடு எடுத்துக் கட்டுறோம்.”

“வந்து பாக்கலாமா?”

“எப்ப வேணா வாங்க மேடம். இந்தத் தடவை செவரு அங்கயே நிக்கும். சிமெண்டு போட்டிருக்கோம்.”

எப்படி இருக்கு? நான் கட்டுன செவத்தைப் பிரிச்சு, என் செங்கல்லுல, என் செம்மண்ணுல தொழில் கத்துக்கிட்டு, என் டெண்டரையே எடுத்துட்டா. இதுக்குப் பேரு என்ன தம்பி? திருட்டுதானே? நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க. சங்கத்துலயும் சிரிச்சானுக. அப்பறம் ஆளு ஆளாக் கழண்டுட்டானுக. இப்ப சங்கத்துல கொடி இருக்கு, சீல் இருக்கு, நான் இருக்கேன்.

ஆனா விட்டுருவனா? அடுத்த தடவைக்குப் புது விதி ஒண்ணு வந்திருக்கு. பயிற்சி நடத்துறவன் கையில கொத்தனார் சர்டிபிகேட்டு இருக்கணுமாம். என் காலத்துல யாரு சர்டிபிகேட்டு குடுத்தா? வாங்கிடுங்கண்ணேன்னாரு கிளமெண்ட். இந்தப் பக்கத்துல அதைக் குடுக்கற மையம் ஒண்ணுதான். ஆமா. செம்பட்டியிலதான். ஆமா, அவ நடத்துறதுதான்.

பார்வையிடன்னு சொன்னேன்ல. ஒரு வாரமா நல்லாத்தான் பார்வையிட்டுக்கிட்டிருக்கேன். ஒம்பது மணிக்குக் கைரேகை வைக்கணும். ஒரு நிமிசம் பிந்துனாலும் மெசினு எடுத்துக்காது, அதுக்கு நான் செயலாளர்னு தெரியாது. ஒக்கார ஒரு சேர் கெடையாது அங்க. பையில என்னன்னு கேட்டீங்கள்ல? கேக்கலையா? கரண்டிதான். பழசு. நேத்து வீட்டுக்குப் போயிக் கழுவி வையின்னு எங்க வீட்ல குடுத்தா, “ஒங்க கரண்டிய நீங்களே கழுவுங்க”ன்னுட்டா. அங்க அடுத்த பேட்ச்ல சேர அவளும் பேரு குடுத்திருக்காளாம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

நேத்து ஒரு செவரு கட்டுனேன். இத்தனை வருசம் கழிச்சு. போட்டோ எடுக்கறப்ப வெள்ளத்தாயி, “செயலாளரண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, செவரு தெரியணும்”னா. தள்ளி நின்னேன். அப்பறம் தூக்குக்குண்டைப் போட்டுப் பாத்தா. சத்தமாக்கூடச் சொல்லல, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, “பிரிச்சுருங்கண்ணே”ன்னா.

“சிமெண்டு குடு தாயி, அப்பறம் பாரு என் வேலைய”ன்னேன்.

“செம்மண்ணே இருக்கட்டும்ணே. தப்பாப் போனா பிரிச்சுக்கலாம்ல.”

கண்ணு கலங்கிருச்சு தம்பி. ஏன்னு தெரியல. அவமானம்தான், வேற என்ன. அவ அதட்டியிருந்தாலாவது திருப்பி ரெண்டு வார்த்தை கத்திட்டு எந்திரிச்சு வந்திருப்பேன். ஒக்காந்து ஒவ்வொரு செங்கல்லாப் பிரிச்சு அடுக்கிட்டு வந்தேன்.

செம்பட்டி வந்துருச்சு. அந்தப் பைய எடுத்துக் குடுங்க. பாத்து, முனை குத்தும். ஏய் கண்டக்டரு, நிப்பாட்டுப்பா, ஆளு எறங்கணும்! நூலு கட்டறப்பக் கை லேசா நடுங்குது தம்பி, அதான் கோணிக்குது, வேற ஒண்ணுமில்ல. இன்னிக்கு நேரா வந்துரும்னு நெனைக்கறேன்.